அரைப்பரீட்சை லீவு

மூன்றாவது தீக்குச்சியையும் காற்று அணைத்தது. வேனின் பின்கதவை ஒருக்களித்து, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு அமிர்தம் நாலாவது குச்சியை எடுத்தாள். வெள்ளிமலைக் குளிரில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அவளைப் போலவே மலைக்குப் புதுசு.

“ஏங்க, கொஞ்சம் எறங்கி வந்து இந்தப் போர்வையப் புடிங்க. காபி வேணுமா வேணாமா?”

முன்சீட்டிலிருந்து பதில் வரவில்லை. காசிநாதனின் குரங்குக் குல்லாய் மட்டும் சீட்டுக்கு மேலே தெரிந்தது. நேற்று அவள் திட்டிய திட்டுக்கு மனுஷன் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். ஐம்பத்தொன்பது வயதில், மார்கழி மாசத்தில், எட்டு வயதுப் பேத்தியோடு போட்டி போட்டுக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுக்கிறவரைத் திட்டாமல் என்ன செய்வது? திட்டத் திட்ட அவர் சிரித்துக்கொண்டேதான் துவட்டினார்.

ஐந்தாவது குச்சியில் ஸ்டவ் பற்றியது. உள்ளே பலகைக் கட்டிலில் மகன் தனசேகரனும் மருமகள் தங்கமணியும் நடுவில் பேத்தி செல்லியுமாக ஒரே கம்பளிக்குள் மூன்று மூட்டையாகக் கிடந்தார்கள். அமிர்தம் கீழே மெத்தையில் படுத்திருந்தாள். காசிநாதன் மட்டும் டிரைவர் சீட்டில்தான் தூங்குவேன் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருஷம் அப்படித் தூங்கியே பழகிய உடம்பு, படுத்தால்தான் தூக்கம் வராது என்பார்.

காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். மோவாய் மார்பில் பட, இரண்டு கையும் மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தார். டம்ளரை நீட்டினாள். வாங்கவில்லை. புறங்கையைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அன்றைக்குக் காலையில் அந்த மலையில் கதவும் கம்பியும் டம்ளரும் எல்லாமே ஜில்லென்றுதான் இருந்தன. அதனால் அவளுக்கு உடனே தெரியவில்லை. டம்ளரை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டு, குல்லாயை மேலே தள்ளி நெற்றியில் கை வைத்தாள். காபியின் ஆவி முன்கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது. அவர் மூச்சு எங்கேயும் படியவில்லை.

அமிர்தம் சத்தம் போடவில்லை. குல்லாயைப் பழையபடி காது மூட இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பனி புரண்டுகொண்டிருந்தது. ரோட்டோரத்துச் சாமைக் காட்டில் யாரோ மாட்டை அதட்டும் குரல் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. பிறகு பின்பக்கம் வந்து ஸ்டவ்வை அணைத்தாள். மகனின் பாதத்தைத் தட்டினாள்.

“சேகரு, எழுந்து வா. செல்லிய எழுப்பாத.”

காசிநாதன் கரும்பு லாரி டிரைவர். பள்ளிக்கூடத்துக்கு அரைப்பரீட்சை லீவு விடுகிற நாளும் ஆலையில் அரவை சூடு பிடிக்கிற நாளும் ஒன்றாகவே வரும். ஊரில் மற்றப் பிள்ளைகள் அத்தை வீடு, மாமா வீடு என்று போய்க்கொண்டிருக்க, அவர் ஆலைக்கு வெளியே வரிசையில் கரும்புப் பாரத்தோடு நின்றுகொண்டிருப்பார். இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். சீசன் முடியட்டும், எங்கேயாவது போகலாம் என்று வருஷா வருஷம் சொல்வார். சீசன் முடியும்போது பையனுக்கு முழுப்பரீட்சை வந்துவிடும். அது முடிந்தால் வெயில், தண்ணீர்க் கஷ்டம், நடவு. தனசேகரன் படித்து முடித்து, அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அந்த லீவு வரவே இல்லை.

லாரியை விட்டு இறங்கிய பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன மெட்டடார் வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து களத்தில் நிறுத்தினார். ஐப்பசி மழை முழுக்க அவரும், அவரோடு லாரி ஓட்டிய பாவாடையும் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்தார்கள். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்தார்கள். கட்டிலுக்குக் கீழே அரிசி பருப்புக்கு இழுப்பறை, பின்பக்கம் குழாய் வைத்த தண்ணீர் டிரம், தலை வாரக் கண்ணாடி, டம்ளர் மாட்ட வரிசையாக ஐந்து ஆணி. ஊரில் அதை வூட்டு வண்டி என்றார்கள். தனசேகரன் வந்து பார்த்துவிட்டு, சினிமாக்காரர்களின் கேரவன் மாதிரியே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லப்போக, அதன் பிறகு காசிநாதன் வேறு பேர் சொல்லி அதைக் கூப்பிடவே இல்லை. எலவனாசூர்கோட்டைச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கேரவனில்தான் போனார்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகன் குடும்பம் வந்து இறங்கியது. மறுநாள் விடியலில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்து சீட்டிலிருந்த அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்பத்தான் எனக்கு அரைப்பரீட்ச லீவு வுட்டிருக்காங்க,” என்றார்.

முதல் நாள் திருநாவலூர் கோயில். பக்கத்திலேயே வண்டியை ஓரங்கட்டிப் பொங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் மலையேறினார்கள். வழியெல்லாம் ஆணியில் தொங்கிய டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டே வந்தன. அமிர்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். லாரி ஓட்டிய காலத்தில், பொம்பளை ஏறினால் மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள் என்று சொல்லி அவர் அவளை முன்சீட்டில் ஏற்றியது கிடையாது. இப்போது ஒவ்வொரு வளைவிலும், பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அவள் ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னாள்.

இரண்டே நாள்.

தனசேகரன் ஓடிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கூட்டி வந்த நர்ஸ் வேனுக்குள்ளேயே ஏறிப் பார்த்தாள். மார்பில் கருவியை வைத்துக் கேட்டாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். போய் ரெண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், தூக்கத்திலேயே போயிருக்கிறார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று அமிர்தத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டரும் வந்து பார்த்து அதையே சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார். பிணம் ஏற்றுகிற வண்டி கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே வர மதியம் ஆகிவிடும் என்றார்கள். தனசேகரன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடந்தான். டவர் கிடைக்கவில்லை. அவனுக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும். இந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்தவன் தான் ஒருத்தனோடு போகட்டும் என்று காசிநாதன் அவனை எந்த வண்டியிலும் கை வைக்க விட்டதில்லை.

அமிர்தம் சொன்னாள், “வேற வண்டி வேணாம். அவரு வண்டியிலயே வரட்டும்.”

யார் ஓட்டுவது என்று அவள் யோசிக்கவில்லை. அதற்குள் ஜீப் ஸ்டாண்டிலிருந்து மாயவன் வந்து நின்றான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிமலைக்கும் அடிவாரத்துப் பரிகத்துக்கும் ஜீப் ஓட்டுகிறவன். நேற்றுச் சாயங்காலம் டீக்கடை வாசலில் காசிநாதன் அவனோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை அமிர்தம் வேனிலிருந்து பார்த்திருந்தாள். அவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஜீப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவதாகவும், தான் ஓட்டுவதாகவும் சொன்னான். தனசேகரன் கூலி பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதெல்லாம் பேசுகிற நேரம் இது இல்லை என்று மாயவன் நடந்துவிட்டான்.

தூங்கிக்கொண்டிருந்த செல்லியைக் கீழே மெத்தைக்கு மாற்றிவிட்டு, காசிநாதனைப் பலகைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அப்போதுதான் செல்லி விழித்தாள். தாத்தா ஏன் தன் இடத்தில் படுத்திருக்கிறார் என்று கேட்டாள். தங்கமணி அவளைத் தூக்கிக்கொண்டு போய், டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஏதோ சொன்னாள். திரும்பி வரும்போது செல்லி அழவில்லை. தாத்தாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வேன் இறங்கத் தொடங்கியது. மாயவன் இரண்டாவது கியரிலேயே வந்தான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றி வருவதுபோலத் திருப்பினான். இருந்தும் வண்டி சாயும் பக்கமெல்லாம் காசிநாதன் நகர்ந்தார். அமிர்தம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலைமாட்டில் தனசேகரன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். டம்ளர்களை யாரோ ஆணியிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் போட்டிருந்தார்கள். வண்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நாலைந்து வளைவு தாண்டியதும் தனசேகரன் பேசினான். அவளைப் பார்க்காமல், அப்பாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“யம்மா, நேத்து அருவியாண்ட படியேறசொல்ல அப்பா ஒக்காந்துட்டாரு. குளிச்சி அஞ்சி நிமிசம்கூட ஆவல, மூஞ்செல்லாம் வேர்வ. நெஞ்ச புடிச்சிகினு இருந்தாரு.”

அமிர்தம் நிமிர்ந்தாள்.

“கீழ போயிடலாம்ப்பா, டாக்டராண்ட காட்டலாம்னேன். ஒங்கம்மாகிட்ட சொல்லாதடா, நாளைக்கி ஒரு நாளு பாத்துட்டு எறங்கிடலாம்னாரு. சிரிச்சிகினே சொன்னாரும்மா. நானும் சரின்னுட்டேன். நான் சொல்லியிருந்தா நீ அப்பவே எறக்கியிருப்ப,” என்றான்.

வேன் ஒரு வளைவில் திரும்பியது. பாதங்களை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மகன் சொன்னது உண்மை என்று நினைத்தால் உண்மைதான். அவள் பேசாமல் இருந்துவிட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவனும் அம்மா பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டாள் என்றே நினைப்பான். ஆனால் அந்தப் பாரத்தை அவன் அம்பத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போவான். கம்பெனிக்கும் வீட்டுக்குமாக ஆயுசு முழுக்கத் தூக்குவான். அப்படி ஒரு பிள்ளை அவன். மூன்றாம் வகுப்பில் உடைத்த சிலேட்டுக்கு நாலாம் வகுப்பில் வந்து மன்னிப்புக் கேட்டவன்.

“எங்கிட்டயும் சொன்னாருடா,” என்றாள் அமிர்தம்.

தனசேகரன் இப்போதுதான் அவளைப் பார்த்தான்.

“பொழுது எறங்கசொல்ல. தோள்பட்ட வலிக்குது, தைலம் தேயின்னாரு. எடது தோளு. தேச்சேன். இன்னாங்க இது, ஆசுபத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன். சேகருகிட்ட சொல்லாத, அவன் வண்டியத் திருப்பச் சொல்லுவான், நாளைக்கிப் புள்ளைய கரியாலூர்ல படகுல ஏத்தணும்னாரு. நாளன்னிக்கி நீ எந்த ஆசுபத்திரின்னாலும் வரேன்னாரு. நானும் ஒன்ன மாதிரிதான் சரின்னேன்.”

இருவரும் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள். குல்லாய்க்குள் அவர் முகம், வரிசையில் தனக்கு முன்னால் இன்னும் நாற்பது வண்டி இருக்கிறது என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்குகிறவரின் முகம் போலத்தான் இருந்தது.

“நம்ப ரெண்டு பேரு வாயையும் கட்டிப்புட்டு லீவு எடுத்துகினாரு பாரு,” என்றாள்.

தனசேகரன் சிரிக்கப் போனவன் மாதிரி வாயைத் திறந்தான். அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து அவன் அழவில்லை. கட்டில் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். அமிர்தம் ஒரு கையால் கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை எட்டி மகனின் தலையில் வைத்தாள். முன்சீட்டில் தங்கமணி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். மாயவன் வேகத்தை இன்னும் குறைத்தான்.

பரிகம் வந்ததும் செல்போனில் டவர் வந்தது. தனசேகரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினான். அமிர்தம் ஜன்னல் துணியைக் கொஞ்சம் விலக்கினாள். சமவெளியின் வெயில் உள்ளே விழுந்தது. குளிருக்கு இனிக் குல்லாய் தேவையில்லை என்று தோன்ற, காசிநாதனின் தலையிலிருந்து அதைக் கழற்றித் தலைமுடியை விரலாலேயே கோதிவிட்டாள்.

கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது அழுகல் வெல்லம் மாதிரி ஒரு வாசனை வந்தது. ஆலை வாசனை. அந்த வாசனையோடுதான் அவர் வீட்டுக்கு வருவார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது குமட்டும். போகப் போக அந்த வாசனை வந்தால்தான் அடுப்பில் உலை வைப்பாள்.

தனசேகரன் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு தடவை, லீவில் எங்கேயாவது போகவேண்டும் என்று அடம்பிடித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அமிர்தம் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நேராக ஆலை வரிசைக்கு வந்துவிட்டாள். லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்து, அறுபதோ எழுபதோ வண்டி தாண்டிக் காசிநாதனைக் கண்டுபிடித்தார்கள். அவர் திகைத்துப்போனார். பிறகு லாரிக்கும் பக்கத்து மரத்துக்குமாகத் தார்ப்பாயைக் கட்டி நிழல் செய்தார். இரண்டு நாள் மூன்று பேரும் அந்த நிழலிலேயே இருந்தார்கள். மூன்று கல்லை வைத்துச் சோறாக்கினாள். பையன் மற்ற டிரைவர்களோடு சீட்டு விளையாடி, கரும்பு தின்று, வாய் வெந்துபோய், ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அழுதான். பள்ளிக்கூடம் திறந்ததும், லீவில் எங்கே போனாய் என்று வாத்தியார் கேட்டதற்கு, டூர் போனோம் என்று சொன்னானாம்.

இப்போது அந்த வரிசைதான் முன்னால் நின்றது. லாரி, டிராக்டர், மறுபடி லாரி. கண்ணுக்கு எட்டின தூரம் கரும்புப் பாரம் பாதி ரோட்டுக்குப் பிதுங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. மாயவன் வேனை நிறுத்தினான்.

வரிசையில் நின்ற லாரி ஒன்றிலிருந்து பாவாடை குதித்து இறங்கினான். வேனைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டான். அவனும் கை போட்டுச் செய்த வண்டியாயிற்றே. வாயெல்லாம் பல்லாக வந்தான்.

“இன்னாண்ணா, அதுக்குள்ள டூரு முடிஞ்சிட்சா?”

டிரைவர் சீட்டில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்து நின்றான். பக்கவாட்டுக்கு வந்தான். ஜன்னல் வழியாக அமிர்தத்தைப் பார்த்தான், அவள் மடியிலிருந்த பாதங்களைப் பார்த்தான். அமிர்தம் தலையை மட்டும் அசைத்தாள். பாவாடை ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எப்போ அண்ணி என்று கேட்டான். காலையில் என்றாள்.

வேனுக்கு முன்னால் நடந்தான். முதல் டிராக்டர்காரனிடம் ஏதோ சொன்னான். அவன் எழுந்து நின்று வேனைப் பார்த்துவிட்டு, இஞ்சினைக் கிளப்பி, வண்டியை மண்ணில் இறக்கி ஓரங்கட்டினான். அடுத்த லாரியும் ஒதுங்கியது. பாவாடை நடந்துகொண்டே சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பி உறுமி, ஓரத்துக்குச் சாய்ந்து, வழி விட்டு நின்றது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். சிலருக்குக் காசிநாதனைத் தெரியும். பலர் புதுப் பையன்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மாயவன் பாவாடையின் நடைக்கு ஏற்ப வேனை ஓட்டினான்.

வரிசையின் முனை வரைக்கும், ஆலைக் கேட்டையும் தாண்டி, பாவாடை முன்னால் நடந்தே வந்தான். பிறகு ஒதுங்கி நின்று, வேன் தாண்டும்போது அதன் தகரத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தான். பாரத்தை இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னான். அமிர்தம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இதற்குள் வரிசை கொஞ்சம் முன்னேறியிருந்தது. ஆனால் பாவாடையின் லாரிக்குப் பின்னால் நின்றவன் அதைத் தாண்டாமல் அப்படியே நின்றிருந்தான்.

வீடு வந்து சேரும்போது பகல் ஒரு மணி. பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். காசிநாதனின் அக்கா பெரியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கி, தம்பியின் மேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்து, குளிப்பாட்டுவதற்குச் சட்டையைக் கழற்றியபோது, அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“இன்னாடி, தைல வாசன அடிக்குது?” என்று அமிர்தத்தைக் கேட்டாள். “வலிக்கிதுன்னு எதனா சொன்னானா? சொல்லியும் வுட்டுட்டீங்களா?”

குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தனசேகரன் வாயைத் திறந்தான். அமிர்தம் அவனைப் பார்க்கவே இல்லை.

“ஒண்ணும் சொல்லலிங்க அண்ணி. குளுருன்னு தேச்சிகினாரு.”

தனசேகரன் குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் காசிநாதனின் இடது தோளில் விழுந்து வழிந்தது.

வெயில் தாழத் தொடங்கியதுமே எடுத்தார்கள். மாயவனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். பாவாடை எப்படியோ நேரத்துக்கு வந்துவிட்டான். மேளச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்த பிறகு, பெண்கள் அமிர்தத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலைக்கு ஊற்றினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் புளிக்குழம்பும் வந்தது. செல்லி சாப்பிட்டுவிட்டுத் தங்கமணியின் மடியில் தூங்கிப்போனாள்.

ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது மாயவனும் ஈர வேட்டியோடு வந்தான். அவனைச் சாப்பிட வைக்கச் சொல்லி மகனிடம் அமிர்தம் சொல்லியனுப்பினாள். சாப்பிட்டான். வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் இருக்கிறது, கள்ளக்குறிச்சி போய்ப் பிடித்துவிடலாம் என்று தனசேகரனிடம் சொல்லிவிட்டு, பாவாடையின் வண்டியில் ஏறப் போனவன் நின்று திரும்பி வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த அமிர்தத்தின் முன்னால் கொஞ்சம் தள்ளிக் குந்தினான்.

“யக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு வழியெல்லாம் யோசிச்சிகினு வந்தேன்.”

சொல்லு என்றாள்.

“நேத்து சாயங்காலம் டீக்கடையாண்ட அண்ணன் கேட்டாரு, அவசரம்னா கீழ எறங்க ஜீப்பு கெடைக்குமான்னு. எந்நேரம்னாலும் வந்து கதவத் தட்டுங்கண்ணான்னு வூட்டக் காட்டினேன். யாருக்குண்ணா ஒடம்பு சரியில்லன்னு கேட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

மாயவன் தரையைப் பார்த்தான். “எனக்கு இல்லப்பா, எங்க வூட்டம்மாவுக்கு வயசாய்ட்டுது, குளுரு ஒத்துக்காது, அதுக்குத்தான்னாரு.”

அமிர்தம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அடக்க அடக்க இன்னும் குலுங்கியது. உள்ளேயிருந்து பெரியம்மாள் ஓடி வந்து, அழாத, அழாத என்று அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைகளுக்குள் அமிர்தம் சிரிப்பை முடித்தாள். முடிக்கும்போது அது வேறாக மாறியிருந்தது.

மாயவன் எழுந்து நின்றான். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் எப்படிக் கிளம்புவது என்று தெரியாதவன்போலக் கொஞ்ச நேரம் நின்றான். அமிர்தம் தலையசைத்தாள். அவனும் தலையசைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பெரியம்மாள் உள்ளே போன பிறகு, அமிர்தம் எழுந்து களத்துப் பக்கம் வந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கதிரடிக்கும் சிமெண்டுக் களம். நெல்லைப் பரப்பினால் ஒரு மணிகூட உருளாத சமதரை. அதன் நடுவில் வேனை நிறுத்தி, மலைக்காரன் பழக்கத்தில், நாலு சக்கரத்துக்கும் மாயவன் கல் கொடுத்திருந்தான். எங்கே தேடி எடுத்தானோ, நாலும் ஒரே அளவுக் கல். பின்சக்கரத்துக் கல் ஒன்று சற்று விலகியிருந்தது.

அமிர்தம் அதைக் காலால் தள்ளி, சக்கரத்தோடு ஒட்டி வைத்தாள்.